மீட்டரை எங்கே மாட்டுவது? பெலெமில் முடிந்த தகவமைப்புப் பேச்சுவார்த்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

மணிக்கு ஒரு தடவை நான் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். சிங்கப்பூரின் கிழக்கே வடிகால் ஒன்றை அகலப்படுத்தும் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேலை எனக்கு. முக்காலி மேல் நிற்கும் கருவி அது, உச்சியில் ஒரு கறுப்பு உருண்டை. டபிள்யூபிஜிடி மீட்டர் என்போம். காற்றின் சூட்டோடு ஈரப்பதம், நேர்வெயில், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒற்றை எண்ணாகக் காட்டும். அது 32ஐத் தொட்டால் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தர வேண்டும். 33 என்றால் 15 நிமிடம். 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதிமுறை.

"எவ்வளவுண்ணே?"

"முப்பத்திரண்டு புள்ளி ரெண்டு. ஏறி வாங்க எல்லாரும்."

"இன்னும் கொஞ்சம் மண்ணுதாண்ணே கிடக்கு, அள்ளிட்டே உட்காந்துக்கறோம்."

"மீட்டர் எனக்கு மாமனா மச்சானா, சொன்னா கேட்க? ஏறி வா தம்பி."

புதுக்கோட்டைத் தம்பி முனகிக்கொண்டே ஏறி வருவார். மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். ஆனால் யாரும் என்னோடு வாதாட முடியாது. எண் வந்துவிட்டது, வேலை நின்றாக வேண்டும்.

இதற்கு முன் நான் இருந்த வேறொரு தளத்தில் இதே மீட்டரை அலுவலகக் கொட்டகையின் தாழ்வாரத்தில், நிழலில் மாட்டியிருந்தார்கள். மே மாதம் முழுக்க 31.5, 31.7, 31.8 என்றே ஓடியது. கருவி சரியாகத்தான் இருந்தது. பதிவேட்டில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆட்கள் வேலை செய்த பள்ளத்தில் நிழலே கிடையாது, அவ்வளவுதான். நான் கேட்டபோது, "விதியில மீட்டர் வைக்கணும்னு இருக்கு, வெச்சிருக்கோமே" என்றார்கள்.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரத்தில் நடந்த பருவநிலை மாநாட்டின் முடிவுகளைப் படித்தபோது எனக்கு அந்தத் தாழ்வாரம்தான் நினைவுக்கு வந்தது. டிசம்பரில், பிடோக் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் கூடும் எங்கள் தமிழ் வாசிப்பு வட்டத்தில், "பெலெம்ல கடைசியா என்னதான் முடிவாச்சு?" என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு நான் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுசாக எழுதிப் பார்க்கிறேன்.

எண் இல்லாத இலக்கு

பருவநிலைப் பேச்சுவார்த்தையில் இரண்டு பெரிய கிளைகள். புகையைக் குறைப்பது ஒன்று. ஏற்கெனவே மாறிவிட்ட, இனியும் மாறப்போகிற வானிலைக்கு ஏற்ப வீட்டையும் வயலையும் ஊரையும் மாற்றிக்கொள்வது மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் தகவமைப்பு என்கிறோம். முதல் கிளைக்கு ஓர் அலகு உண்டு: ஒரு டன் கரியமிலவாயு. ஜூரோங்கில் வெளியேறினாலும் ஹூஸ்டனில் வெளியேறினாலும் வானத்துக்கு அது ஒரே டன்தான். தகவமைப்புக்கு அப்படி எதுவும் இல்லை. நாகப்பட்டினத்தில் ஒரு புயல் காப்பகம், மாலத்தீவில் ஒரு கடற்சுவர், நைஜரில் வறட்சி தாங்கும் தினை விதை. மூன்றையும் எந்தத் தராசில் வைப்பது?

1992இன் ஐநா பருவநிலை உடன்படிக்கையிலேயே, எளிதில் பாதிக்கப்படும் நாடுகளின் தகவமைப்புச் செலவுக்கு வளர்ந்த நாடுகள் உதவ வேண்டும் என்ற வாசகம் இருக்கிறது. பிறகு 2001இல் மராக்கேஷில் நிதியங்கள், 2007இல் பாலியில் ஒரு வழிவரைபடம், 2010இல் கான்கூனில் ஒரு கட்டமைப்பு என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். 2015இல் பாரிஸ் உடன்பாட்டின் 7ஆம் பிரிவுதான் முதன்முதலாக 'உலகளாவிய தகவமைப்பு இலக்கு' என்று பெயர் வைத்தது. தகவமைக்கும் திறனைக் கூட்டுவது, தாங்குதிறனை வலுப்படுத்துவது, பாதிப்புக்கு உள்ளாகும் நிலையைக் குறைப்பது. மூன்றும் நல்ல நோக்கங்கள். எவ்வளவு, எதற்குள், யார் காசில் என்பது மட்டும் இல்லை. வெப்பநிலைக்கு 1.5, 2 என்று எண் வைத்த அதே உடன்பாடு, தகவமைப்பை வெறும் வினைச்சொற்களோடு விட்டுவிட்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்பப் பத்து ஆண்டுகள் பிடித்தன. 2021இல் கிளாஸ்கோவில் இரண்டு ஆண்டு வேலைத்திட்டம், எட்டுப் பயிலரங்குகள். 2023இல் துபாயில் ஒரு சட்டகம்: தண்ணீர், உணவு, உடல்நலம், இயற்கைச் சூழல், உள்கட்டமைப்பு, வறுமை, பண்பாட்டு மரபு என ஏழு துறை இலக்குகள்; இடர் மதிப்பீடு, திட்டமிடல், செயலாக்கம், கண்காணிப்பு என நான்கு படிநிலை இலக்குகள். 2027க்குள் எல்லா நாடுகளுக்கும் முன்னெச்சரிக்கை அமைப்பு, 2030க்குள் எல்லா நாடுகளிடமும் ஒரு தேசியத் தகவமைப்புத் திட்டம் என்று சிலவற்றுக்குத் தேதியும் வந்தது. ஆனால் ஏழு துறை இலக்குகளில் ஒன்றிலும் விழுக்காடு இல்லை. 'கணிசமாகக் குறைத்தல்' என்று எழுதி, அளப்பது எப்படி என்பதை அடுத்த இரண்டு ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.

2024இல் அஜர்பைஜான் தலைநகர் பாக்குவில் இன்னொரு பெயர் பிறந்தது: பாக்கு தகவமைப்பு வழிவரைபடம். அதன் உள்ளடக்கமும் வழிமுறைகளும் பின்னர் வகுக்கப்படும் என்றது அந்த முடிவு. எங்கள் வட்டத்தின் மூத்தவர் இந்த இடத்தில் என்னை நிறுத்தினார். "பாக்கு சரி, வெற்றிலை எங்கேப்பா?" சிரித்துவிட்டோம். ஆனால் அவர் விடவில்லை. "நிச்சயதார்த்தத்துல வெத்திலை பாக்கு மாத்திட்டா பேச்சு உறுதின்னு அர்த்தம். இங்க பாக்கை மட்டும் நீட்டிட்டு, கல்யாணச் செலவு யாருதுன்னு வாயே திறக்கலை." பாக்கு மாநாட்டைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

ஒன்பதாயிரத்திலிருந்து நூறு

எப்படி அளப்பது என்ற வேலை நிபுணர்களிடம் போனது. நாடுகளும் அமைப்புகளும் அனுப்பிய அளவுகோல்களைத் திரட்டியபோது ஒன்பதாயிரத்துக்கும் மேல் வந்துவிட்டன. 78 நிபுணர்கள் துறைவாரியாகப் பிரிந்து உட்கார்ந்து அவற்றைச் சலித்தார்கள். நூறுக்கு மேல் போகக் கூடாது என்பது பாக்குவில் வைத்த வரம்பு. பெலெம் மாநாட்டுக்கு முன்னால் அந்த நூறு கையில் இருந்தது.

இதைச் சாதாரண அலுவலக வேலை என்று தள்ளிவிட முடியாது. ஒரு தளத்துக்கு எழுதும் இடர் மதிப்பீட்டிலேயே எதை அளப்பது, எதை விடுவது என்று நாங்கள் நான்கு பேர் நாள்கணக்கில் அடித்துக்கொள்வோம். கடற்கரையோர மக்கள்தொகையும் கோதுமை விளைச்சலும் மலேரியா எண்ணிக்கையும் கோயில் கோபுரங்களின் நிலையும் ஒரே பட்டியலில் வர வேண்டும். தரவே சேகரிக்காத நாடும் அதை நிரப்ப முடிய வேண்டும். நிபுணர்கள் கொடுத்த நூறில் குறைகள் இருந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முறையியல் இருந்தது.

சண்டை அங்கே இல்லை. 2025 ஜூனில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த இடைக்காலக் கூட்டத்தில், முதல் இரண்டு நாள் நிகழ்ச்சிநிரலை ஏற்பதற்கே போயிற்று. வளர்ந்த நாடுகளின் நிதிக் கடமையைத் தனி விவாதப்பொருளாக வைக்க வேண்டும் என்று வளரும் நாடுகளில் ஒரு பகுதி பிடிவாதமாக நின்றது. அதே பிளவுதான் அளவுகோல்களுக்குள்ளும் ஓடியது. ஒரு நாடு எத்தனை கிராமத்துக்குக் குடிநீர் கொடுத்தது என்று அளக்கப் போகிறீர்களா? சரி. அதற்கு வெளியிலிருந்து எவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் வந்தது என்பதையும் அதே பட்டியலில் அளப்பீர்களா? ஆப்பிரிக்கக் குழுவும் அரபு நாடுகளும் இந்தக் கேள்வியை விடவே இல்லை. வந்த பணத்தை அளக்காமல் செய்த வேலையை மட்டும் அளந்தால், அது ஏழைக்கு வைக்கும் பரீட்சை; புத்தகம் வாங்கித் தராதவரே கேள்வித்தாள் தயாரிக்கிறார் என்பது அவர்கள் வாதம். வளர்ந்த நாடுகளோ, நிதிக்கு வேறு இடத்தில் வேறு பேச்சு நடக்கிறது, இதில் கலக்காதீர்கள் என்றன. நாட்டின் சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் தகவமைப்புக்கு ஒதுக்கும் பணத்தை ஓர் அளவுகோலாக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது கோபம் இன்னும் ஏறியது. கடனில் மூழ்கும் நாட்டிடம் 'நீ எவ்வளவு போட்டாய்?' என்று கேட்பதாக அது கேட்டது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று சமாதானம் பேச எனக்கு விருப்பமில்லை. முதல் தரப்பின் வாதம் வலுவானது. ஆனால் அதைக் கொண்டு அவர்கள் கடைசியில் கேட்டு வாங்கியது வேறு ஒன்று. அதற்கு வருகிறேன்.

பெலெமின் கடைசி நாள்கள்

அமேசான் முகத்துவார நகரம், புழுக்கம், குளிரூட்டி போதாத கூடாரங்கள். நவம்பர் 20ஆம் தேதி மாநாட்டு வளாகத்தின் அரங்குப் பகுதியில் தீப்பிடித்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். புகையைச் சுவாசித்ததற்காக 13 பேருக்குச் சிகிச்சை. பேச்சு பல மணி நேரம் தடைபட்டது. தகவமைப்பு பற்றிப் பேச வந்தவர்கள் வெளியே வெக்கையில் நின்றார்கள் என்பதைக் கேட்டபோது, வேலைப் பழக்கத்தில், அங்கே மீட்டர் என்ன காட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இந்த மாநாடுகளில் வாக்கெடுப்பு கிடையாது. வாக்களிப்பு பற்றிய விதி 1990களிலிருந்தே ஏற்கப்படாமல் கிடப்பதால் எல்லாம் ஒருமித்த கருத்தில்தான் நகர வேண்டும். ஒத்துவராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார்கள். அடைப்புக்குறி எல்லாம் உதிர்ந்தால் முடிவு. உதிராவிட்டால் அந்தப் பொருள் அப்படியே அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். பெலெமில் ஆப்பிரிக்கக் குழு கேட்டது ஏறக்குறைய அதுதான்: பட்டியலை இப்போதே ஏற்க வேண்டாம், இன்னும் இரண்டு ஆண்டு பேசி 2027இல் அடிஸ் அபாபாவில் நடக்கவிருக்கும் மாநாட்டில் ஏற்போம். மற்றவர்கள் இப்போதே வேண்டும் என்றார்கள்.

நவம்பர் 22ஆம் தேதி வெளியான முடிவு இரண்டையும் செய்தது. பட்டியலை ஏற்றது, கூடவே இரண்டு ஆண்டு 'பெலெம்–அடிஸ்' பணியையும் தொடங்கிவைத்தது. ஆனால் ஏற்ற பட்டியலில் நூறு இல்லை. 59.

நாற்பத்தொன்றைக் கழித்தது மட்டும் என்றால் இந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது. இருந்தவற்றில் பலவற்றின் வாசகமும் கடைசி நேரத்தில் மாறியிருந்தது. நிறைவு அமர்வில் சியரா லியோன், ஐரோப்பிய ஒன்றியம், லத்தீன் அமெரிக்க நாடுகள் சில என வழக்கமாக ஒரே பக்கம் நிற்காதவர்கள் எழுந்து, இவற்றை அளக்கவே முடியாது, நிபுணர் வேலை வீணாகிவிட்டது என்ற கருத்தில் பேசினார்கள். மாநாட்டுத் தலைவர் ஆந்த்ரே கொஹேயா தோ லாகோ அமர்வை நிறுத்திவைத்தார். திரும்பி வந்து, முடிவு முடிவுதான், மனக்குறைகளை ஜூனில் பானில் பேசலாம் என்றார்.

இனி நான் மேலே விட்டுவைத்தது. அந்த 59க்கும் சேர்த்து ஒரு பாதுகாப்பு வேலி போட்டிருக்கிறார்கள். இவை தன்னார்வமானவை. எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாதவை. ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடப் பயன்படுத்தக் கூடாது. நிதி தருவதற்கு நிபந்தனையாகவும் ஆக்கக் கூடாது. இந்த வேலியைக் கேட்டது பெரும்பாலும் வளரும் நாடுகள்தாம், கேட்டதற்குக் காரணமும் இருக்கிறது. பன்னாட்டு நிதி அமைப்புகளின் ஓர் எண் எப்படி நாளைக்குக் கடன் நிபந்தனையாக மாறும் என்பதை அவர்கள் பட்டு அறிந்தவர்கள்.

ஆனால் விளைவைப் பாருங்கள். வாங்குபவரைக் கட்டாத எண் கொடுப்பவரையும் கட்டாது. எங்கள் தளத்தில் 32 என்பது ஓர் எண். அதன் மதிப்பு அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது, '10 நிமிடம் ஓய்வு' என்ற வரியில். பெலெமில் 59 மீட்டர்கள் மாட்டியாயிற்று. அடுத்த வரி எழுதப்படவில்லை. ஏழை நாடுகள் பரீட்சைக்குப் பயந்து மதிப்பெண்ணையே செல்லாததாக்கினார்கள். பணக்கார நாடுகள் அதற்குத் தலையாட்டியதில் எனக்கு வியப்பில்லை, அவர்களுக்கு அது லாபம்.

தோன்றா எழுவாய்

பணத்தைப் பற்றிய வரியை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த ஆவணங்களில் வினைச்சொல்தான் சட்டம். 'முடிவு செய்கிறது' என்பது ஒரு படி. 'கேட்டுக்கொள்கிறது', 'வலியுறுத்துகிறது', 'அழைக்கிறது' எல்லாம் கீழிறங்கும் படிகள். 2021இல் கிளாஸ்கோ முடிவு, தகவமைப்பு நிதியை 2019 அளவிலிருந்து 2025க்குள் குறைந்தது இரட்டிப்பாக்கும்படி வளர்ந்த நாடுகளை வலியுறுத்தியது. யார், எவ்வளவு, எதிலிருந்து, எப்போதுக்குள்: நான்கும் அந்த வாக்கியத்தில் உண்டு. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 பில்லியன் அமெரிக்க டாலர்.

பெலெமில் மிகவும் பின்தங்கிய நாடுகள் கேட்டது 2030க்குள் அதை மும்மடங்காக்கி 120 பில்லியன். கிடைத்த வாக்கியம், 2035க்குள் தகவமைப்பு நிதியைக் குறைந்தது மும்மடங்காக்கும் 'முயற்சிகளுக்கு அழைப்பு விடுக்கிறது.' எதிலிருந்து மும்மடங்கு? தெளிவாக இல்லை. யார் முயல வேண்டும்? பள்ளியில் தமிழாசிரியர் தோன்றா எழுவாய் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். 'வந்தாய்' என்றால் 'நீ' என்பது மறைந்து நிற்கும், வினையின் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். இங்கே விகுதிகூட இல்லை. அடுத்த தொடரில் வளர்ந்த நாடுகள் தங்கள் தகவமைப்பு நிதியை உயர்த்தும்படி வலியுறுத்தப்படுகின்றன, உண்மைதான். அந்தத் தொடரில் எண் இல்லை. எண் உள்ள தொடரில் ஆள் இல்லை, ஆள் உள்ள தொடரில் எண் இல்லை.

ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 அறிக்கைப்படி, 2023இல் வளரும் நாடுகளுக்குப் போன பன்னாட்டுப் பொதுத் தகவமைப்பு நிதி 26 பில்லியன் டாலர். முந்திய ஆண்டைவிடக் குறைவு. 2035 வாக்கில் ஆண்டுக்குத் தேவைப்படுவது 310 முதல் 365 பில்லியன் என்கிறது அதே அறிக்கை. இந்தப் பணிக்கென்றே இருக்கும் தகவமைப்பு நிதியம் ஆண்டுக்கு 300 மில்லியன் டாலர் திரட்ட இலக்கு வைத்தது. பெலெமில் வந்த வாக்குறுதி ஏறத்தாழ 135 மில்லியன்.

இதிலும் மீட்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்ற கேள்வி உண்டு. 2022ஆம் ஆண்டுக்கு, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பு சொல்லும் தகவமைப்பு நிதி 32.4 பில்லியன். ஐநா சுற்றுச்சூழல் திட்டம் அதே ஆண்டுக்குச் சொல்வது சுமார் 28 பில்லியன். யாரும் பொய் சொல்லவில்லை. எதைச் சேர்ப்பது என்பதில் வேறுபாடு. இரண்டும் பெரும்பாலும் கொடுப்பவர் பக்கத்துப் பதிவேடுகளை வைத்துப் போடும் கணக்கு. ஓஇசிடி கணக்கில், அந்த ஆண்டின் பொதுப் பருவநிலை நிதியில் 69 விழுக்காடு கடன். வட்டியோடு திரும்பப் போகும் கடனும் முழுத்தொகையாகவே அந்தப் பட்டியலில் ஏறும். தாழ்வாரத்து மீட்டர்.

நம்மூர் எங்கே நிற்கிறது

இந்தக் கதையில் சிங்கப்பூரின் இடம் விசித்திரமானது. 1992 ரியோ மாநாட்டின் ஆயத்தக் குழுவுக்கும் முதன்மைக் குழுவுக்கும் தலைமை ஏற்றவர் நம் தூதர் டாமி கோ. 2015 பாரிஸில், எந்த நாட்டுக்கு எவ்வளவு பொறுப்பு என்ற மிகச் சூடான பகுதியைப் பிரேசில் அமைச்சரோடு சேர்ந்து ஒருங்கிணைத்தவர் நம் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன். கார்பன் சந்தை விதிகளை கிளாஸ்கோவில் நார்வேயோடும் பாக்குவில் நியூசிலாந்தோடும் சேர்ந்து கரைசேர்த்தவர் இன்னொரு அமைச்சர் கிரேஸ் ஃபூ. முடிச்சை அவிழ்க்க யாராவது வேண்டும் என்றால் நம்மவரைக் கூப்பிடுகிறார்கள்.

அதே நேரம் சிங்கப்பூர் 39 உறுப்பினர் கொண்ட சிறு தீவு நாடுகள் கூட்டணியில் இருக்கிறது. துவாலுவோடும் மாலத்தீவோடும் ஒரே மேசை. பயம் பொதுவானது. 2024 ஜனவரியில் வெளியான மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வுப்படி, இந்த நூற்றாண்டு முடிவுக்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம். நிலத்தில் சுமார் 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லை. 35 பாகையைத் தாண்டும் நாள்கள், முன்பு ஆண்டுக்குச் சராசரி 21 போல இருந்தவை, நூற்றாண்டின் இறுதியில் 41 முதல் 351 வரை போகலாம். அந்த 351ஐ நான் இரண்டு தடவை படித்தேன். மோசமான நிலைமைக்கான மதிப்பீடுதான். ஆனாலும் ஆண்டில் பதினான்கு நாள்தான் மிச்சம்.

பயம் பொதுவானது, பை பொதுவானதல்ல. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், கடலோரப் பாதுகாப்புக்கு நூறாண்டில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகும் என்றார். 2020இல் 5 பில்லியன் வெள்ளியில் ஒரு நிதியம், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மேலும் 5 பில்லியன். ஒரு சின்னத் தீவு தனக்காக எடுத்துவைத்திருப்பது 7 பில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல். வளரும் உலகம் மொத்தத்துக்கும் ஓர் ஆண்டில் போவது 26 பில்லியன். நிதியம் வேறு, ஆண்டு வரவு வேறு என்று தெரிந்தேதான் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

நம்மூரில் தகவமைப்பு கண்ணுக்குத் தெரியும் சங்கதி. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2018இல் ஸ்டாம்ஃபர்ட் மாற்றுக் கால்வாயும் தேக்கத் தொட்டியும் முடிந்தன. ஈஸ்ட் கோஸ்டுக்கு எதிரே சுமார் 800 ஹெக்டேரில் லாங் ஐலண்ட் வரப்போகிறது. நிலமும் கடற்சுவரும் நீர்த்தேக்கமும் ஒன்றாக. யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆனால் உடன்படிக்கையின் 1992 பட்டியலில் சிங்கப்பூர் வளர்ந்த நாடு இல்லை. நிதி தரும் கடமையும் இல்லை. பாக்குவில் வளர்ந்த நாடுகள், பணம் தருவோர் பட்டியலை விரிக்க வேண்டும் என்றபோது சீனாவும் வளைகுடா நாடுகளும்தான் முதலில் அடிபட்டன; நம்மூர்ப் பெயரும் பேச்சில் வராமல் இல்லை. 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டத்தின் வழியே பிற நாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தருகிறோம் என்பது நம் வழக்கமான பதில். நல்ல பதில்தான். துவாலுக்காரர் அதைக் கொண்டு சுவர் கட்ட முடியாது என்பதும் உண்மை.

வட்டத்தில் எழுந்த கேள்வி

கூட்டத்துக்கு வருவோம். பாக்கு வெற்றிலை சொன்ன அந்த மூத்தவர் கத்தோங்கில் வளர்ந்தவர். 1966இல் ஈஸ்ட் கோஸ்டில் கடலைத் தூர்க்கத் தொடங்கிய காலம் அவருக்கு நினைவிருக்கிறது. இப்போது மரீன் பரேட் அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இடத்தில் அவர் நீந்தியிருக்கிறார். "அப்ப கடலைத் தள்ளினோம், இப்ப கடல் நம்மைத் தள்ளுது, நாம திருப்பித் தள்ளப் போறோம். காசிருக்கு, தள்ளுவோம்" என்றார். அவருக்கு பெலெம் பெரிய விஷயமாகப் படவில்லை.

பக்கத்தில் இருந்த அக்காவுக்குப் படவில்லை என்று சொல்ல முடியாது. அவர் பிறந்த ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறிய அந்த ஒரே விடியலில் அவர் அண்ணனின் தோப்பில் தொண்ணூறு தென்னை சாய்ந்தது. சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்தவே மாதங்கள் ஆயின. புதுக் கன்று வைத்து, காய்க்க ஆண்டுகள் காத்து, இப்போதுதான் இளநீர் இறங்குகிறது. அண்ணன் பாதித் தோப்பில் தென்னையை விட்டுவிட்டு வேறு பயிருக்கு மாறிவிட்டார். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் காசும் தரவில்லை.

"தம்பி, இந்த அம்பத்தொன்பதுல எங்க அண்ணன் செஞ்சது எதுல வரும்?"

உணவுத் துறை அளவுகோல்களில் ஒருவேளை சேரும் என்றேன். மாறியது கணக்கில் ஏறலாம், அதற்கு அவர் தன் கையிலிருந்து போட்ட பணம் ஏறாது என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அது அரசாங்கம் செஞ்சதா எழுதிக்குவாங்க" என்றார். நான் மறுக்கவில்லை.

2026 ஜூனில் பானிலும், நவம்பரில் துருக்கியின் அன்டால்யாவிலும் இந்தப் பேச்சு தொடரும். அன்டால்யாவில் பேச்சுவார்த்தையை நடத்துவது ஆஸ்திரேலியா. 59இன் முறையியலைத் திருத்த இடம் இருக்கிறது, சில அளவுகோல்கள் மறுபடி அளக்கத்தக்கவையாக மாறக்கூடும். நான் அந்த வரைவுகளை முதல் பக்கத்திலிருந்து படிக்கப் போவதில்லை. நிதி பற்றிய அளவுகோலுக்கு நேராகப் போய், அதற்கான தரவு எங்கிருந்து எடுக்கப்படும் என்ற ஒரு வரியை மட்டும் முதலில் பார்ப்பேன்: கொடுத்ததாக ஒருவர் எழுதியனுப்பிய தொகையா, வந்து சேர்ந்ததாக இன்னொருவர் ஒப்புக்கொண்ட தொகையா என்று.